ஸ்டெம் செல் ஊசி போட்டால் கை நடுக்கம் நின்றுவிடுமா?

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் ஒரு வீட்டில் பெரியவருக்குப் பார்க்கின்சன் (உடம்பில் நடுக்கத்தையும் மந்தத்தையும் கொண்டுவரும் மூளை நோய்) என்று டாக்டர் சொல்லிவிட்டால், விசாரிக்க வருகிறவர்களில் ஒருவராவது ஸ்டெம் செல் பேச்சை எடுத்துவிடுகிறார். "சென்னையில ஊசி போடுறாங்களாம். சில லட்சம் ஆகுமாம், ஆனா ஆளு எழுந்து நடந்துடுறாராம்." கூடவே செல்போனில் ஒரு வீடியோவும் வந்து சேரும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடக்கிற பேச்சு வைத்தியத்தைப் பற்றியதாக இருக்காது. எந்த ஒரு மா நிலத்தை விற்பது என்பதைப் பற்றியதாக இருக்கும்.

ஸ்டெம் செல் ஆராய்ச்சி புரட்டு இல்லை. பார்க்கின்சன் விஷயத்தில் அது நிஜமாகவே முன்னேறியிருக்கிறது. ஆனால் அந்த ஆராய்ச்சியில் செய்வது வேறு, காசு வாங்கிக்கொண்டு இங்கே போடும் ஊசி வேறு. ஒன்று சம்பாதித்த நல்ல பெயரில் இன்னொன்று விலைபோகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க டாக்டராக இருக்க வேண்டியதில்லை. மூளையில் என்ன கெடுகிறது, செல்லை எங்கே எப்படி வைக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

முதலில், எந்த நடுக்கம்?

கை நடுங்கினாலே பார்க்கின்சன் என்று முடிவு கட்டக் கூடாது. காபி டம்ளரைத் தூக்கும்போது மட்டும் நடுங்கி, கையை மடியில் வைத்தால் நின்றுவிடுவது பெரும்பாலும் வேறு வகை. பல குடும்பங்களில் தலைமுறையாக வரும். பார்க்கின்சன் நடுக்கம் கை சும்மா இருக்கும்போதுதான் அதிகம் தெரியும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும்.

நடுக்கமே இல்லாத பார்க்கின்சனும் உண்டு. அந்த நோயின் முக்கிய அடையாளம் மந்தம். சட்டைப் பொத்தான் போட நேரமாகும். கையெழுத்து வரவரச் சிறுத்துப்போகும். பென்ஷன் வாங்கப் போன இடத்தில் "கையெழுத்து ஒத்துப்போகலையே சார்" என்று வங்கியில் திருப்பி அனுப்பும்போதுதான் சில வீடுகளில் விஷயமே தெரியவருகிறது. நன்றாக நடந்து வருகிறவர் நிலைப்படி வந்ததும் கால் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவார். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயை விவரித்து எழுதினார். அதனால்தான் அந்தப் பெயர்.

இன்னொன்று இருக்கிறது, இதை நம் ஊரில் அடிக்கடி தவறவிடுகிறோம். மாத்திரையாலும் அச்சு அசலாகப் பார்க்கின்சன் மாதிரியே வரும். தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னாரிசின், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் ஃப்ளூனாரிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, சில மனநோய் மருந்துகள் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. எங்கள் உறவில் ஒரு அத்தை தலைசுற்றல் மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டியே வருஷக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடை தளர்ந்து, முகத்தில் உணர்ச்சி குறைந்து, கையும் நடுங்கியது. டாக்டர் பார்த்து மாத்திரையை நிறுத்தச் சொன்னார். சில மாதங்களில் அத்தை பழையபடி தெருமுனைக் கோயிலுக்கு நடந்து போக ஆரம்பித்தார். இந்த அத்தைக்கு யாராவது இடையில் ஸ்டெம் செல் ஊசி போட்டிருந்தால், குணமான பெருமை முழுக்க அந்த ஊசிக்குப் போயிருக்கும். (இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.)

மூளையில் குறைவது என்ன?

மூளையின் அடிப்பக்கம், நடுமூளையில், கறுப்பாகத் தெரியும் சிறு பகுதி ஒன்று உண்டு. சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்பார்கள். அங்கே இருக்கும் சில லட்சம் நரம்புச் செல்கள் டோபமைனைச் சுரக்கின்றன. டோபமைன் என்பது ஒரு நரம்புச் செல்லிலிருந்து இன்னொன்றுக்குச் சேதி கொண்டுபோகும் வேதிப்பொருள். இந்தச் செல்கள் தங்கள் நீண்ட இழைகளை மூளையின் உள்ளே சற்றுத் தள்ளி இருக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்கு அனுப்பி, அங்கே டோபமைனை விடுகின்றன. நாம் நினைத்த அசைவு தடையில்லாமல் ஆரம்பித்து, சீராக நடந்து, வேண்டிய இடத்தில் நிற்பதற்கு அந்த டோபமைன் வேண்டும்.

பார்க்கின்சனில் இந்தச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. அவற்றுக்குள் ஒரு புரதம் தவறாக மடிந்து கட்டிகட்டியாகச் சேர்கிறது. நடுக்கமோ மந்தமோ வெளியே தெரியும்போது ஏறக்குறைய பாதிச் செல்கள் போயிருக்கும், சிலருக்கு அதற்கும் மேலே. போன செல்லுக்குப் பதிலாக மூளை புதிய செல்லை உண்டாக்கிக்கொள்வதில்லை.

அப்படியானால் டோபமைனையே மாத்திரையாகக் கொடுக்கலாமே? முடியாது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் எது போகலாம் என்று வடிகட்டும் தடுப்பு ஒன்று இருக்கிறது. டோபமைனை அது உள்ளே விடாது. ஆனால் டோபமைனின் மூலப்பொருளான லெவோடோபாவை விட்டுவிடும். உள்ளே போனதும் மூளை அதை டோபமைனாக மாற்றிக்கொள்ளும். 1960-களிலிருந்து இன்றுவரை பார்க்கின்சனுக்கு முதுகெலும்பாக இருக்கும் மருந்து இதுதான். நம் வேலிகளில் படர்ந்து, தொட்டால் அரிக்குமே, அந்தப் பூனைக்காலியின் விதையிலும் லெவோடோபா இருக்கிறது. 1937-லேயே தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதற்காக விதையை வறுத்துப் பொடித்துச் சாப்பிடக் கிளம்ப வேண்டாம். எந்த விதையில் எவ்வளவு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அளவு கூடினால் வினை.

லெவோடோபாவுக்கும் ஒரு எல்லை உண்டு. சில ஆண்டுகள் போனதும் மாத்திரையின் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும். காலை 7 மணிக்குக் கட்டிலில் திரும்பிப் படுக்கவும் முடியாதவர், மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் தானே எழுந்து கொல்லைப்பக்கம் போய் வருவார். பதினோரு மணிக்கு மறுபடி கால் நகராது. இந்த ஏற்ற இறக்கத்தை நினைவில் வையுங்கள், வீடியோக்களைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இதுவரை பார்த்தது இதுதான்: பார்க்கின்சன் என்பது டோபமைன் சுரக்கும் குறிப்பிட்ட செல்கள் சாவதால் வருவது. மாத்திரை டோபமைனை ஈடுகட்டும், செத்த செல்லைத் திருப்பித் தராது. செல்லையே புதிதாக வைத்துவிடலாமே என்ற யோசனை இங்கிருந்துதான் பிறக்கிறது.

ஸ்டெம் செல் என்பது என்ன?

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வேலை நிர்ணயமாகிவிட்டது. தோல் செல் தோலாகவே இருக்கும். இன்னும் வேலை நிர்ணயமாகாமல், தன்னைப் போலப் பல செல்களைப் பெருக்கிக்கொண்டு, பிறகு வேறு வகைச் செல்லாக மாறவும் கூடியதே ஸ்டெம் செல்.

இதிலும் வகை உண்டு, குழப்பம் ஆரம்பிப்பது இங்கேதான். கருவின் தொடக்க நாட்களில் இருக்கும் ஸ்டெம் செல் உடம்பின் எந்தச் செல்லாகவும் மாறும். மனிதக் கருவிலிருந்து அதைப் பிரித்து ஆய்வகத்தில் முதலில் வளர்த்தது 1998-ல். வளர்ந்தவர்களின் எலும்பு மஜ்ஜையிலும் ஸ்டெம் செல் இருக்கிறது, ஆனால் அதன் திறமைக்கு வரம்பு உண்டு. ரத்தம் உண்டாக்கும் மஜ்ஜை ஸ்டெம் செல் ரத்தச் செல்களைத் தரும். ரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்கிறார்களே, அது இந்தச் செல்லை வைத்துத்தான். நன்றாக நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. மூன்றாவது வகை, வளர்ந்த ஒருவரின் தோல் அல்லது ரத்தச் செல்லை எடுத்து, அதைத் திரும்பக் கருநிலைக்குக் கொண்டுபோவது. ஐ.பி.எஸ். செல் என்று பெயர். ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006-ல் எலியின் செல்லிலும் அடுத்த ஆண்டு மனிதச் செல்லிலும் இதைச் செய்துகாட்டினார், 2012-ல் நோபல் பரிசு பெற்றார்.

நாற்றும் நடவும்

டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்ல நாற்றங்காலை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இப்போது ஆள் கிடைக்காமல் நேரடி விதைப்புக்குப் பலர் போய்விட்டார்கள் என்றாலும், சம்பா நடவு பார்க்காத கண் இங்கே இல்லை. விதையை நாற்றங்காலில் விட்டு, வயது பார்த்துப் பறித்து, சேறடித்த வயலில் நடுகிறோம். மூளையில் செய்ய முயல்வதும் நடவுதான்.

ஸ்டெம் செல்லை ஆய்வகத்தில் வளர்த்து, ஒன்றன்பின் ஒன்றாகக் குறிப்பிட்ட வேதிப்பொருட்களைக் கொடுத்து, "நீ டோபமைன் செல்லாக ஆக வேண்டும்" என்ற திசையில் சில வாரங்கள் நகர்த்துகிறார்கள். முழுதாக முற்றும் வரை விடுவதில்லை. முற்றிய நரம்புச் செல்லைப் பிடுங்கி நட்டால் பிழைக்காது, முற்றிய நாற்று தூர்கட்டாத மாதிரி. வயது போதாமல் வைத்தாலோ ஆபத்து இன்னும் பெரிது: திசை தெரியாத ஸ்டெம் செல் மூளைக்குள் கண்டபடி பெருகிக் கட்டியாகிவிடும். மூளைக்கு நேரடி விதைப்பு ஆகாது. அதோடு நாற்றுக்கட்டில் கலவன் இருக்கக் கூடாது. டோபமைன் செல்லுக்குப் பதில் வேறு வகை நரம்புச் செல்கள் கலந்துபோனால் அவையும் உள்ளே வேர்விட்டு வேறு சேதியை அனுப்பும். அதனால் செல்களைத் தரம்பிரித்துச் சோதித்த பிறகே பயன்படுத்துகிறார்கள்.

நடுவது அறுவை சிகிச்சையில். மண்டை ஓட்டில் சிறு துளை போட்டு, ஸ்கேன் உதவியோடு இடம் குறித்து, மெல்லிய குழாய் வழியே இரு பக்கமும் செல்களை இறக்குகிறார்கள். நாற்று உவமை இதற்கு மேல் நமக்கு உதவாது. வயலில் பயிர் எங்கே போனதோ அங்கேதான் போக்கு நடுவோம். இங்கே செல் செத்தது சப்ஸ்டான்ஷியா நைக்ராவில், புதுச் செல்லை வைப்பதோ டோபமைன் போய்ச்சேர வேண்டிய ஸ்ட்ரையேட்டத்தில். வளர்ந்த மூளையில் அவ்வளவு தூரம் புது இழையை ஓடவைப்பது கடினம் என்பதால் இந்த ஏற்பாடு. வேறொருவர் செல் என்றால் உடம்பு அதை விரட்டாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தும் பல மாதங்கள் கொடுக்க வேண்டும்.

வைத்த செல் உள்ளே முதிர்ந்து, இழை விட்டு, அக்கம்பக்கத்துச் செல்களோடு தொடர்பு பிடித்து, டோபமைன் சுரக்க மாதங்கள் ஆகும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வருஷம்கூட ஆகலாம். அதனால் "ஊசி போட்ட மறுநாளே நடந்தார்" என்று ஒரு வீடியோ சொன்னால், அந்த நடை புதுச் செல்லின் வேலையாக இருக்கவே முடியாது.

பின்னே எப்படி நடந்தார்? பொய்யாக நடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. மாத்திரை தீர்ந்த நேரத்தில் ஒரு வீடியோ, மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் ஒரு வீடியோ எடுத்தால் போதும். எந்த ஊசியும் போடாமலே ஒரே காலையில் இரண்டும் கிடைத்துவிடும். தவிர, பார்க்கின்சனில் நம்பிக்கைக்கு உடல் ரீதியாகவே பலம் இருக்கிறது. சிகிச்சை கிடைத்துவிட்டது என்ற எதிர்பார்ப்பே மூளையில் மிச்சமிருக்கும் டோபமைனை வெளியே விடவைக்கிறது என்று 2001-ல் ஸ்கேன் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். வெறும் போலி மருந்தாலேயே கிடைக்கும் இந்தப் பலனுக்குப் பிளாசிபோ விளைவு என்று பெயர். நோயாளி பொய் சொல்லவில்லை, நிஜமாகவே கொஞ்ச நாள் நன்றாக இருக்கிறார். நீடிப்பதுதான் இல்லை.

ஆராய்ச்சி எங்கே நிற்கிறது?

ஸ்டெம் செல்லுக்கு முன்பே, 1987-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில், கருக்கலைப்பில் கிடைத்த கருவிலிருந்து எடுத்த மூளைத் திசுவைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். சிலருக்குப் பல வருஷம் நல்ல பலன். உடனே உலகம் முழுக்கப் பரபரப்பு. ஆனால் அமெரிக்காவில் 40 பேரை வைத்துச் செய்த சோதனை 2001-ல் வெளியானபோது உற்சாகம் வடிந்தது. அதில் பாதிப்பேருக்குத் திசு வைத்தார்கள், மீதிப்பேருக்கு மண்டையில் துளை மட்டும் போட்டு ஒன்றும் வைக்கவில்லை. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் பிளாசிபோ விளைவைக் கழித்துப் பார்க்க வேறு வழி இல்லை. கழித்துப் பார்த்ததில் மொத்தத்தில் எதிர்பார்த்த முன்னேற்றம் தெரியவில்லை. திசு வைத்தவர்களில் சிலருக்குப் பிற்பாடு கை கால் தன்போக்கில் நெளியும் தொல்லையும் வந்தது. 2008-ல் இன்னொரு சேதி: வைத்துப் பத்து வருஷத்துக்கு மேலான செல்கள் சிலவற்றிலும் அந்தப் பழைய புரதக் கட்டிகள் சேர்ந்திருந்தன. சுற்றியுள்ள நோய் புதுச் செல்லையும் தொட்டிருந்தது.

இந்தப் பாடங்களுக்குப் பிறகு வந்ததுதான் இன்றைய ஸ்டெம் செல் முயற்சி. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஜுன் தகஹாஷியின் குழு 2018-ல் முதல் நோயாளிக்கு ஐ.பி.எஸ். செல்லிலிருந்து வளர்த்த செல்களை வைத்தது. 50 முதல் 69 வயது வரை 7 பேர். இரண்டு வருஷம் கண்காணித்து 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். கட்டி வரவில்லை, மோசமான பக்கவிளைவு இல்லை, ஸ்கேனில் டோபமைன் உற்பத்தி கூடியது. பலனுக்காக மதிப்பிட்ட 6 பேரில் 4 பேருக்கு, மாத்திரை இல்லாத நேரத்து அசைவு மேம்பட்டது. அதே ஆண்டில், அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 பேருக்குக் கருவழி ஸ்டெம் செல் வைத்துச் செய்த சோதனையும் 18 மாதக் கண்காணிப்பில் பாதுகாப்பாக இருந்தது என்று அறிவித்தார்கள். போலி அறுவையோடு ஒப்பிடும் பெரிய சோதனை அதற்கு அடுத்த படி.

எனக்கு இது நிஜமாகவே நம்பிக்கை தருகிறது. ஆனால் 7-ம் 12-ம் சின்ன எண்கள். பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம் சொல்லும், பலனைப் பற்றி உறுதியாகச் சொல்லப் போதாது. கியோட்டோ சோதனையில் ஒப்பிடுவதற்குப் போலி அறுவைக் குழுவும் இல்லை.

சுருக்கமாக: சரியான வகைச் செல்லை, சரியான பருவத்தில், அறுவை செய்து மூளைக்குள் வைத்தால் அது பிழைத்து டோபமைன் சுரக்கிறது என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு பேருக்கு, எவ்வளவு நாள் பலன் தரும் என்பது இன்னும் தீரவில்லை.

இங்கே விற்கும் ஊசி எது?

விளம்பரத்தில் வரும் ஊசி பெரும்பாலும் இப்படி: இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையோ, வயிற்றிலிருந்து கொழுப்போ எடுத்து, செல்களைப் பிரித்து, கை நரம்பிலோ முதுகுத்தண்டு நீரிலோ ஏற்றுவது. மேலே சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செல் வேறு, அதை டோபமைன் செல்லாக வளர்க்கும் வேலையே நடக்கவில்லை, வைக்கும் இடமும் வேறு. கை நரம்பில் ஏற்றிய இந்தச் செல்களில் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். ஸ்ட்ரையேட்டம் வரை போய் டோபமைன் செல்லாக மாறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. "அது நேரடியாக மாறாது, நல்ல பொருட்களைச் சுரந்து மூளைக்கு உதவும்" என்பார்கள். அந்தக் கோணத்திலும் ஆராய்ச்சி நடக்கிறது, சிகிச்சை என்று சொல்லிக் காசு வாங்கும் அளவுக்கு எதுவும் நிரூபணமாகவில்லை.

"உங்க செல்தானே, கெடுதல் என்ன வரப்போகுது?" என்பது அடுத்த வாதம். உள்ளே துளைக்கும் எதிலும் தொற்று அபாயம் உண்டு. கரு செல் என்றால் கேட்கவே வேண்டாம். தள்ளாட்டத்தைத் தரும் பரம்பரை நோய் இருந்த இஸ்ரேலியச் சிறுவன் ஒருவனுக்கு மாஸ்கோவில் கருவின் நரம்பு ஸ்டெம் செல்களை மூளையில் செலுத்தினார்கள். சில வருஷத்தில் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டி. அது கொடையாளியின் செல்லிலிருந்து வளர்ந்தது என்று 2009-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் தெளிவாகவே பேசுகிறது. ரத்த நோய் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று தவிர, மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு எல்லாம் சோதனை நிலை. அனுமதி பெற்ற மருத்துவச் சோதனைக்குள்தான் செய்ய வேண்டும். ஆகவே யாராவது இந்த ஊசியைப் பரிந்துரைத்தால் நான் முதலில் கேட்பது பணத்தைப் பற்றித்தான். சோதனையில் சேருகிறவரிடம் சோதனைச் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்குவது முறையில்லை. பாக்கேஜ் விலை சொன்னார்கள் என்றால் அதிலேயே பாதி பதில் வந்துவிட்டது. அப்புறம் சி.டி.ஆர்.ஐ. எண் கேளுங்கள். அது இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளின் அரசுப் பதிவேடு, இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். எண் இருப்பதே பலனுக்குச் சான்று ஆகாது, ஆனால் எண்ணே இல்லையென்றால் பேச்சை அங்கே முடித்துக்கொள்ளலாம். எந்த வகைச் செல், எங்கே வைப்பீர்கள், அது டோபமைன் செல்லாகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்ற கேள்விகளுக்கு வீடியோவைப் பதிலாகக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மற்ற நோய்களுக்கு?

பார்க்கின்சனில் ஒரு வசதி: அசைவுத் தொல்லையின் பெரும்பகுதி ஒரே வகைச் செல் குறைவதால் வருகிறது. கை கால் தன்போக்கில் நெளியும் பரம்பரை நோயான ஹன்டிங்டனிலும், சிறுமூளை தேய்ந்து நடை தள்ளாடும் அட்டாக்சியாவிலும், பல பகுதிகள் ஒன்றாகக் கெடும் எம்.எஸ்.ஏ.விலும் அந்த வசதி இல்லை. ஆராய்ச்சி அங்கே இன்னும் பின்னால் நிற்கிறது. எல்லா நரம்பு நோய்க்கும் ஒரே ஊசி என்று எழுதியிருந்தால் சந்தேகப்பட அதுவே போதும்.

பார்க்கின்சனிலும்கூட மலச்சிக்கல், மோப்பம் போவது, தூக்கக் கேடு, மறதி போன்றவை டோபமைனோடு மட்டும் கட்டுப்பட்டவை இல்லை. செல் நடவு நாளைக்கு வெற்றி பெற்றாலும் இவை அத்தனையும் தீர்ந்துவிடும் என்று யாரும் உறுதி தரவில்லை.

இப்போதைக்குச் செய்யக்கூடியது

நரம்பியல் டாக்டரை ஒருமுறையாவது பாருங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், புதுச்சேரி ஜிப்மருக்கும் டெல்டாவிலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். லெவோடோபா போடுகிறவர்கள் அதைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்காமல் அரைமணி முன்பே போடுவது நல்லது. பருப்பு, முட்டை, மீன் என்று புரதம் நிறைந்த சாப்பாட்டோடு போனால் மருந்து சரியாக உள்ளே ஏறாது. "மாத்திரை இப்பல்லாம் பிடிக்கலை" என்று அலுத்துக்கொள்ளும் சிலருக்கு நேரத்தை மாற்றியதுமே பிடித்துவிடுகிறது. மருந்தின் ஏற்ற இறக்கம் தாங்க முடியாமல் போனால், மூளைக்குள் மின்கம்பி வைத்துத் தூண்டும் டி.பி.எஸ். அறுவை இருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தாது, செலவும் அதிகம், ஆனால் ஒப்பிட்டுச் சோதித்து நிரூபிக்கப்பட்டது.

டாக்டரிடம் போகும்போது ஒரு வாரக் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: மாத்திரை போட்ட மணி, கால் நகர ஆரம்பித்த மணி, மறுபடி ஒட்டிக்கொண்ட மணி. வீட்டில் படிக்கிற பேரப்பிள்ளை இருந்தால் அந்த வேலையை அதனிடம் கொடுத்துவிடலாம், தாத்தாவை விட ஒழுங்காக எழுதும்.